எடையக்கா வரிசையோடு போட்ட சண்டை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. குடியிருப்பில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எடையக்கா வீடு எது என்று கேட்டால் நடக்கத் தெரிந்த குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலில் விடும். விட்டுவிட்டுத் திரும்பாது, உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வீட்டில் எந்நேரமும் தின்ன ஏதாவது இருந்தது.

குடியிருப்பின் நுழைவில், பெட்டிக்கடைக்குப் பக்கத்தில், பூர்வகுடி மக்கள் குடியிருப்பு என்று ஒரு பலகை நிற்கிறது. அங்கே உள்ள வீடுகள் எதற்கும் வயது முப்பது ஆகவில்லை. காட்டுக்குள் இருந்தவரை இவர்களை யாரும் பூர்வகுடி என்று கூப்பிட்டதில்லை. கீழே இறக்கி, நான்கு வரிசையாகத் தகரக்கூரை வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் அந்த மரியாதை கிடைத்தது. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். பக்கத்து வீட்டில் கரண்டி சட்டியின் அடியைத் தொடும் சத்தத்தை வைத்தே அங்கே குழம்பு எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம்.

எடையக்கா காட்டில் பிறந்தவள். மழை பொய்த்த ஒரு வருஷம் அவளுடைய தம்பி போய்ச் சேர்ந்தான். வயிற்றுவலி என்றார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போவதற்கும் அப்போது அதுதான் பெயர். பிறகு கீழே வந்து விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்தாள். கல்யாணமானது. புருஷன் பிஸ்கட் கம்பெனி கிடங்கில் மூட்டை தூக்கினான். பக்கத்து வீட்டில் அவனுடைய அண்ணன் குடும்பம். அண்ணன் பெண்டாட்டியை, அதாவது எடையக்காவின் ஓரகத்தியை, பிள்ளைகள் பெரியம்மா என்று கூப்பிட்டு, கடைசியில் நான்கு வரிசைக்கும் அவள் பெரியம்மாவாகிவிட்டாள்.

எடையக்காவுக்கு ஊட்டச்சத்து நிலையத்தில் வேலை கிடைத்தது. கூரையிலிருந்து தொங்கும் தராசில் துணித்தூளி கட்டி, அதில் குழந்தையைப் போட்டு எடை பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் தாய்க்குப் புத்தி சொல்லி, சத்துமாவு பொட்டலம் கொடுக்க வேண்டும். குறையவில்லை என்றாலும் பொட்டலம் உண்டு. பூர்வகுடிப் பிள்ளை என்றாலே மெலிந்தது என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டதால், வருகிற பொட்டலம் வந்துகொண்டே இருந்தது. மாவில் பாதி சர்க்கரை. பிள்ளைகள் அதைக் கரைக்கவே விடமாட்டார்கள், உள்ளங்கையில் கொட்டி நக்கிவிட்டு ஓடும்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஒரு வாசகத்தை அவளே கட்டிவைத்திருந்தாள்: "தட்டுல மிச்சம் வெச்சா உடம்புல மிச்சம் இருக்காது." அதைச் சொல்லிச் சொல்லி, எல்லா வீட்டு அம்மாக்களும் பிள்ளையின் வாயில் கடைசிக் கவளத்தைத் திணிக்கும்போது மந்திரம் மாதிரி அதைச் சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரு வருஷம் குடியிருப்பில் மெலிந்த பிள்ளையே இல்லை என்று கேடயம் கொடுத்தார்கள். அது நிலையத்தின் அலமாரிமேல், சத்துமாவு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

அவளுடைய மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவள். தூக்கிய செவிலியர் குச்சி மாதிரி இருக்கிறதே என்றாள். அன்று முதல் அவள் குச்சி. அந்தப் பெயரைப் பொய்யாக்குவதையே எடையக்கா வாழ்க்கை லட்சியமாக வைத்துக்கொண்டாள். பாலில் மாவு, கஞ்சியில் மாவு. அப்பா கிடங்கிலிருந்து சல்லிசாக வாங்கிவரும் உடைந்த பிஸ்கட் மூட்டை கட்டிலடியில். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட், வரும்போது ஒரு பாக்கெட். குச்சி எட்டாம் வகுப்பு வந்தபோது சீருடைத் துணியை டீச்சருக்கு எடுப்பதுபோல் எடுக்க வேண்டியிருந்தது. பதினெட்டு முடிந்தபோது கட்டிலடி மூட்டையை யாரும் வெளியே இழுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் உட்கார்ந்தால் கட்டில் தாழ்ந்து மூட்டையே எட்டிப் பார்த்தது.

இதில் யாருக்கும் வருத்தம் இல்லை. வரிசையில் பருத்த பிள்ளை என்றால் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பதற்கு நடமாடும் அத்தாட்சி. குச்சி ஒருத்தி மட்டும் இப்படி என்றில்லை. பாறையில் கயிறு கட்டித் தேனெடுத்தவர்களின் மகன்கள் மதகுச் சுவரில் உட்கார்ந்து கலர் பாட்டிலும் போனுமாக இருந்தார்கள். சுவரிலிருந்து இறங்கக் கை கொடுக்க ஆள் தேடினார்கள். நாலாம் வரிசையில் இருபது வயதுப் பையன் ஒருவன் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறான். அவன் அம்மா அதைக் குழாயடியில் பெருமையாகச் சொன்னாள். அது பணக்காரர்களுக்கு வருகிற வியாதி என்று எங்கோ கேட்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் வனத்துறை ஓர் அறிவிப்பை ஒட்டியது. காவலர் வேலைக்குப் பெண்கள் தேவை. இந்தக் குடிகளுக்கு மட்டும். காரணம், இவர்களுக்குக் காட்டோடு இயற்கையான உறவு உண்டு. எடைக்கு ஓர் உச்சவரம்பு, பிறகு நடைத்தேர்வு. குச்சிக்குக் காட்டோடு இருந்த உறவு பள்ளிக்கூட பஸ் ஜன்னலோரம் வரைதான். ஆனாலும் அவள் அந்த அறிவிப்பின் முன்னால் நெடுநேரம் நின்றாள். அதற்கு முன் ஒரு துணிக்கடைக்கு வேலை கேட்டுப் போயிருந்தாள். முதலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டு, கல்லாவுக்கும் அலமாரிக்கும் நடுவில் இடம் குறைவம்மா என்று பணிவாகச் சொல்லி அனுப்பினார். அதை வீட்டில் அவள் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கினாள், அவ்வளவுதான்.

அன்று மாலை, அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் பின்னால் வந்து நின்று, "அம்மா, எனக்கு அந்த வேலை வேணும்" என்றாள்.

எடையக்கா திரும்பிப் பார்த்தாள். வாயில் போட முடியாத ஒன்றை மகள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காக்கி டிரெஸ், பெல்ட்டு எல்லாம் குடுப்பாங்க" என்று குச்சி சொன்னாள். "பெல்ட்டு போட்டு ஒரு தடவ நிக்கணும்."

சுகாதார நிலையத்தில் செவிலியர் குச்சியை நிறுத்தி எடை பார்த்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். இருவரும் ஒரே துறை, பல கூட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள்.

"எல்லைக்கோட்டுல நிக்குது அக்கா, சர்க்கரை. தேர்வுக்கு மூணு மாசம் இருக்கு. எடைய இறக்கினா வேலை. இறக்காட்டி வேலையும் இல்ல, மாத்திரையும் ஆரம்பிக்கணும். சாப்பாட்டைக் குறைங்க."

சாப்பாட்டைக் குறை. எடையக்கா ஆயுசில் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னதில்லை. அன்றைக்குச் சோறு போடும்போது கரண்டி தானாகவே இரண்டாம் தடவை பானைக்குள் போனது. அதை வலுக்கட்டாயமாக வெளியே எடுத்து, மூடி போட்டு, மூடிமேல் உட்காராத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். புருஷன் மகள் தட்டைப் பார்த்தான், தன் தட்டைப் பார்த்தான், ஏதாவது வேண்டுதலா என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னதும் நெடுமூச்சு விட்டான். "உடைஞ்ச பிஸ்கட்ல பாதிச் சத்துதான இருக்கும், அதைத் தின்னலாம்ல" என்றான். கட்டிலடி மூட்டை அன்றே வீட்டைவிட்டுப் போனது. மறுநாள் மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்த பையன்கள் எல்லாரும் பிஸ்கட் தின்றார்கள்.

வீட்டுக்குள் குறைப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கஷ்டம் வாசலுக்கு வெளியே ஆரம்பித்தது.

அந்த வரிசைகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குள் பிள்ளை நுழைந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. கேட்டால் வெட்கப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடும் என்று தட்டை வைத்துவிடுவார்கள். வைத்த தட்டை வேண்டாம் என்று தள்ளினால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்று அர்த்தம். பசி எந்த வீட்டில் எப்போது வரும் என்று தெரியாத காலத்தில் ஏற்பட்ட நல்ல பழக்கம். இப்போது எல்லா வீட்டிலும் சோறு இருந்தது, பழக்கமும் இருந்தது. குச்சி உப்பு கேட்டு வர மூன்று வீடு போனால் மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அதில் இரண்டு தட்டு வெறும் மரியாதைக்கு.

எடையக்கா மகளை வெளியே விடாமல் வைத்தாள். குழாயடியில் பேச்சு கிளம்பியது. எடையக்கா வீட்டில் சோற்றுப்பானை சின்னதாகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற கரண்டிச் சத்தமே மாறிவிட்டது. பெட்டிக்கடையில் குச்சி பாக்கெட் வாங்கி வாரமாகிறது என்று கடைக்காரரும் கவலையோடு உறுதி செய்தார். ஒருநாள் பெரியம்மா மூடிபோட்ட சட்டியோடு வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏன்டி, வீட்டுல கஷ்டம்னா எங்கிட்ட சொல்லக் கூடாதா? கூடப் பொறந்தவளா இருந்தா சொல்லியிருப்பல்ல?"

"கஷ்டம் ஒண்ணும் இல்லக்கா. புள்ள எடையக் குறைக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க."

பெரியம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறவளை மேற்கொண்டு சங்கடப்படுத்தக் கூடாது என்கிற சிரிப்பு. "தட்டுல மிச்சம் வெச்சா உடம்புல மிச்சம் இருக்காது. யாரு சொன்னது? நீதான?" என்று சொல்லிவிட்டு, சட்டியை அடுப்பு மேல் வைத்துவிட்டுப் போனாள். வருஷக் கணக்காக எடையக்கா ஊட்டிய பாடம், ஒரு பருக்கை சிந்தாமல் அவளிடமே திரும்பி வந்தது.

அதன் பிறகு வாசலில் காலையில் ஒரு பாத்திரம், மாலையில் ஒரு பாத்திரம். அவமானப்படுத்தக் கூடாது என்று கதவைத் தட்டாமல், சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் அரை மூட்டை அரிசி சுவரோரம் சாய்ந்திருந்தது. யாருடையது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. கிடங்கில் கூட வேலை செய்கிறவன், எடையக்காவின் புருஷன் தோளைத் தட்டி, எல்லாம் சரியாப் போயிடும்ணே என்றான். புருஷன் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் கத்தினான்; பிறகு வந்திருந்த பாத்திரத்தைத் திறந்து சாப்பிட்டான். ஒரு மாதத்தில் குச்சிக்கு இறங்க வேண்டியது இறங்கவில்லை. அவனுக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

நடந்தாவது பார்ப்போம் என்று அம்மாவும் மகளும் விடிந்ததும் ரோட்டில் வேகமாக நடந்தார்கள். அந்த ஊரில் கையில் ஒன்றும் இல்லாமல் வேகமாக நடந்தால் சாவு வீடு, இல்லை ஆஸ்பத்திரி. எதிரே வந்தவர்கள் எல்லாம் நிறுத்தி யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எடையக்கா ஒரு வெறுங்கூடையை எடுத்துக்கொண்டாள், ஏதோ வேலையாகப் போவதுபோல் இருக்கட்டும் என்று. அதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை. வெறுங்கூடையோடு தாயும் மகளும் விடியற்காலையில் அலைகிறார்கள் என்று பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அதில் போட்டார்கள். கிழங்கு, பழம், ஒரு பாக்கெட் ரஸ்க். திரும்பி வரும்போது குச்சி கூடையைச் சுமந்து வந்தாள். உடற்பயிற்சிக்கு அது உதவியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விஷயம் மேலே போய்விட்டது. ஊட்டச்சத்து நிலையத்து ஊழியரின் வீட்டிலேயே ஒரு பெண் பட்டினி கிடக்கிறாள் என்று யாரோ, நல்ல மனசோடுதான், அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தார்கள். மேற்பார்வை மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் டிரைவர், சத்துமாவு மூட்டையோடு. குச்சி நாற்காலி எடுத்துப் போட்டாள். மேடம் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்க?"

"இதுதான் மேடம்."

மேடம் குச்சிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. பிறகு குச்சியையே பார்த்தார். கையோடு கொண்டுவந்த படிவத்தில் மெலிவு, மிகுந்த மெலிவு என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. எதிலும் டிக் போடாமல் திரும்ப முடியாது, டீசல் கணக்குக் காட்ட வேண்டும். கடைசியில் மெலிவு என்பதில் போட்டுவிட்டு மூட்டையை இறக்கச் சொன்னார். எடையக்கா வேண்டாம் என்று கெஞ்சினாள். வந்ததைத் திருப்பி எடுத்துப்போக வழியில்லை என்றார் மேடம். மதியம் நிலையத்தில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். வேகவைத்த காட்டுக்கிழங்கும் கீரையும். "டவுன்ல தனியா ஒரு கடைல விக்கிறாங்க. கொள்ளை விலை. ஆனா உடம்பு சும்மா இறங்குது" என்றார். அந்தக் கிழங்கு எடையக்கா சின்ன வயசில் தோண்டித் தின்றது. இப்போது காட்டுக்குள் போய்த் தோண்டினால் கேஸ்.

மேடம் போன பிறகு எடையக்கா தூளித்தராசைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அரிசி மூட்டையை நிறுத்தலாம், சத்துமாவைப் பெட்டிக்குள் பூட்டலாம். மனுஷரை எப்படி நிறுத்துவது? யோசித்துப் பார்த்தாள். இந்த நான்கு வரிசையில் ஒரு வீட்டுச் சோறு இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருந்தது எப்போது? ஒரே ஒரு சமயம்தான். சண்டை போட்டால். சண்டை போட்ட வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். சண்டை போட்டவள் வீட்டுக்குப் பாத்திரமும் வராது. அது காட்டிலிருந்தே வந்த கறாரான வழக்கம்.

எடையக்கா வாழ்க்கையில் யாரோடும் சண்டை போட்டவள் இல்லை. வேலையே வாசல் வாசலாக ஏறி இறங்குகிற வேலை. ஆனால் ஆரம்பித்தால் பெரியம்மாவிடம்தான் ஆரம்பிக்க வேண்டும். பெரியம்மா குழம்புதான் குச்சியின் பலவீனம், எல்லாருடைய பலவீனமும். கல்யாணமான புதிதில், கிடங்கில் வேலை இல்லாத மாதங்களில், தன் தட்டிலிருந்து பாதியை வழித்து இவள் தட்டில் போட்டுவிட்டு எனக்கு வயிறு சரியில்லை என்று சொன்னவள் பெரியம்மா. அந்த வயிறு ஆறு மாதம் சரியில்லாமலே இருந்தது.

மறுநாள் பெரியம்மாவின் கோழி வழக்கம்போல எடையக்கா வாசலில் வந்து கிளறியது. இதுதான் சாக்கு என்று எடையக்கா வெளியே வந்து, கோழியை அவிழ்த்துவிட்டால் போதுமா, அசிங்கத்தை யார் அள்ளுவது என்று வரிசைக்கே கேட்கும்படி குரல் எழுப்பினாள்.

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆமாண்டி, என் கோழிதான். தப்புதான். நான் அள்ளிடறேன். நீ சாப்பிட்டியா?"

இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது? தண்ணீர்க் குடம், கொடிக்கயிறு, கூரைச் சொட்டு என்று எடையக்கா ஒவ்வொன்றாக இழுத்தாள். எல்லாவற்றுக்கும் பெரியம்மா சரி சரி என்று தலையாட்டினாள். பசியில் பேசுகிறாள் பாவம் என்று வரிசைப் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி தட்டு எடுத்துவர உள்ளேயே போய்விட்டாள். எடையக்காவுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

"உன் கோழி இருக்கட்டும். உன் குழம்பு இருக்கே, அதை வாயில வெக்க முடியுதா? இத்தன வருஷமா உன் மனசு நோகக் கூடாதுன்னு முழுங்கினோம். இனிமே அந்தச் சட்டி என் வீட்டுப் படி ஏறக் கூடாது."

கோழிகூடக் கிளறுவதை நிறுத்தியது என்று பிற்பாடு சொன்னார்கள். பெரியம்மா திரும்பி நடந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பகல் நேரத்தில் அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை.

மற்ற வீடுகள் சுலபம். ஒருத்தியிடம் உன் சோறு குழைகிறது என்றாள், ஒருத்தியிடம் உன் கை அசுத்தம் என்றாள். பெட்டிக்கடைக்காரரிடம் பழைய சரக்கு விற்கிறாய் என்று சத்தம் போட்டாள். அது மட்டும் உண்மை, அதனால் அவர்தான் அதிகம் கோபித்துக்கொண்டார். அந்த வாரத்துக்குள் வாசலுக்குப் பாத்திரம் வருவது நின்றது. கொடுத்துக் கொடுத்துத் திமிர் ஏறிவிட்டது என்றது குழாயடி. அவள் குடத்தோடு போனால் வரிசை விலகி வழிவிட்டது. ஊட்டச்சத்து நிலையத்துக்குத் தாய்மார்கள் வராமல் பிள்ளைகளை மட்டும் அனுப்பினார்கள். தூளியில் பிள்ளையைப் போட்டு, எடையைச் சொல்ல எதிரே ஆள் இல்லாமல், அவள் பிள்ளையிடமே சொன்னாள். புருஷனும் பக்கத்து வீட்டு அண்ணனும் மதகடியில் ஒளிந்து நின்று பீடி பிடித்துக்கொண்டார்கள், கள்ளக்காதலர்கள் மாதிரி.

குச்சி இறங்கினாள். முதலில் முகம், பிறகு கழுத்து. பொழுது விடிந்ததும் இருவரும் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். இப்போது யாரும் நிறுத்தி எதுவும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் நிற்கவில்லை. தினமும் மதியம் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா ஜன்னலைத் திறந்துவைத்துக் குழம்பு தாளித்தாள். முதல் வாரம் அதே பழைய வாசனை. பிறகு வாசனை மாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் மிளகு தூக்கல், ஒருநாள் பூண்டு, ஒருநாள் புளியே இல்லை. வேண்டுமென்றே நம்மை வதைக்கிறாள் என்றாள் குச்சி. சொல்லிவிட்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். எடையக்கா காதில் விழாததுபோலக் கீரை ஆய்ந்தாள்.

தேர்வு நாளன்று எடை முள் உச்சவரம்புக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. குச்சி தலையில் வைத்திருந்த கிளிப்பைக்கூடக் கழற்றி அம்மா கையில் கொடுத்திருந்தாள். நடைத்தேர்வு காட்டுச் சாலையில். பூர்வகுடிப் பெண்கள் அத்தனை பேரும் முதல்முறையாகக் காட்டுக்குள் போனார்கள், அனுமதியோடு. பாதிப்பேர் வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். குச்சி உட்காரவில்லை. சிவந்த முகமும் ஈர முதுகுமாக அவள் வந்து சேர்ந்தபோது அதிகாரி கைகுலுக்கி, "இதெல்லாம் உங்க ரத்தத்துலயே இருக்கும்மா" என்றார். ரத்தத்தில் வேறு என்ன இருந்தது என்று செவிலியருக்குத்தான் தெரியும்.

வேலை உறுதி. வீட்டிலிருந்தே போய்வரும் மூன்று மாதப் பயிற்சி, அதன் முடிவில் இன்னொரு முறை எடையும் ரத்தமும் பார்ப்பார்கள், பிறகு பணி. என்ன பணி என்பதையும் அன்றே சொன்னார்கள். காட்டின் நுழைவில் உள்ள சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வண்டி வந்தால் குறுக்குக் கம்பைத் தூக்க வேண்டும். முக்கியமாக, குடியிருப்பு ஆட்கள் கிழங்கு தோண்டிக்கொண்டு வெளியே வந்தால் பிடிக்க வேண்டும். நடக்க வேண்டுமா என்று குச்சி கேட்டாள். நடக்கவெல்லாம் வேண்டாம்மா, நிழல்தான், பக்கத்திலேயே கேன்டீன் என்று அதிகாரி தைரியம் சொன்னார். பெல்ட் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றார். அவளுக்கு அது போதும்.

செய்தி அவர்களுக்கு முன்னால் குடியிருப்புக்குப் போய்விட்டது. நல்லது நடந்த வீட்டோடு சண்டையை வைத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் அந்த வரிசைகளின் கறாரான வழக்கங்களில் ஒன்று, எடையக்கா அதை மறந்தே போயிருந்தாள். வீட்டுக்குள் நுழைந்தால் உட்கார இடமில்லை. குழைந்த சோற்றுக்காரி, அசுத்தக் கைக்காரி, கலர் பாட்டில் பெட்டியோடு பெட்டிக்கடைக்காரர். குச்சியை நடுவில் உட்காரவைத்து அவள் முன்னால் தட்டுக்களை வைத்தார்கள். புள்ள எப்படி இளைச்சுப்போச்சு பாரு என்று ஆளாளுக்குக் கன்னத்தைத் தடவினார்கள். குச்சி தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

எல்லாருக்கும் பின்னால் மூடிபோட்ட சட்டியோடு பெரியம்மா நின்றாள். படி ஏறவில்லை. எடையக்கா வெளியே போய் அவள் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்த திட்டில் உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். செவிலியர், சர்க்கரை, கோழி. சொல்லி முடிக்கும்போதுதான் பெரியம்மாவின் வளையல் முழங்கைவரை நழுவி ஏறுவதைப் பார்த்தாள். நான்கு வரிசையிலும் குச்சிக்கு அடுத்தபடியாக இளைத்திருந்தவள் பெரியம்மாதான்.

"குழம்பு நெஜமாவே நல்லால்லையா?" என்று பெரியம்மா கேட்டாள். சர்க்கரை, வேலை, எதுவும் அவள் காதில் ஏறவில்லை போலிருந்தது. "மொளகக் கூட்டிப் பாத்தேன், கொறச்சுப் பாத்தேன். என்ன கொறைன்னு புடிபடல. எனக்கே எறங்கல."

"உங்க குழம்பு நல்லால்லேன்னா நான் ஏன்க்கா இப்படி ஊரோட சண்டை போடறேன்?"

பெரியம்மா கொஞ்சநேரம் சட்டி மூடியையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "இதைச் சொல்றதுக்கு ஒனக்கு ரெண்டு மாசமா?" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். உள்ளே தட்டுக்கள் நகரும் சத்தம் கேட்டது. இன்னும் ரெண்டு வாய், இன்னும் ரெண்டு வாய் என்று நான்கு வரிசையும் ஒரே குரலில், எடையக்காவின் குரலிலேயே, சொல்லிக்கொண்டிருந்தது.

"மறுபடி எடை பாப்பாங்களா?"

"பயிற்சி முடிஞ்சதும் பாப்பாங்க."

பெரியம்மா எழுந்தாள். சட்டியை எடையக்காவிடம் கொடுக்காமல், தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய், கூட்டத்தை ஒருமுறை எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்குக் காலையில கோழியவே அவுத்து விடறேன். கோழிய என்ன வேணா சொல்லு, நானும் பதிலுக்கு நல்லாக் கேக்கறேன், எல்லாரும் எம்பக்கம் சாஞ்சிடுவாங்க, ஒரு பாத்திரமும் வராது. ஆனா குழம்பப் பத்தி மட்டும் பேசாத."